எழுத்துகளுக்கு நடுவே ஒரு பட்டாணி

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று போனை முதலில் வைத்தது நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதற்கு அடுத்ததற்கும் பதில் சொல்லி முடித்துவிடுகிறாய். ஆபீஸ் மெயிலில் எழுதலாமென்றால் உன் டைரக்டரிலிருந்து என் மேனேஜர் வரை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் காகிதம்.

நீ தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து டிவி நிலையம் முழுவதற்கும் மிஷின் வாங்குகிறவன். ஆனால் அந்த மிஷினில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று அங்கே யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அதனால் சொல்கிறேன். செய்தி வாசிப்பவர் பேசப் பேச, அதைக் காதில் வாங்கி, காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட வேண்டும். அடிவரி என்று சொல்வோம். அவர் மூச்சு வாங்கும்போதுதான் நான் மூச்சு வாங்கலாம். ஒரு சொல் தப்பாக விழுந்தால், வாசிப்பவர் எனக்காக நிற்கமாட்டார்.

நீ அனுப்பிய புது லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தேன். அழகுதான். ரொட்டி வெட்டலாம், அவ்வளவு மெலிசு. ஆனால் என் பழைய மிஷினில், ஜி, எச், பி மூன்று கீயும் கூடும் இடத்தில், ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. எங்கள் அறையில் அதற்குப் பட்டாணி என்று பெயர். சுட்டுவிரலால் லேசாக ஒரு பக்கம் தள்ளினால் அம்புக்குறி அந்தப் பக்கம் போகும். கை எழுத்துகளை விட்டு நகரவே வேண்டாம். தப்பைத் திருத்திவிட்டு அதே மூச்சில் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். புதியதில் பட்டாணி இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே மைதானம் மாதிரி ஒரு டச்பேட். உள்ளங்கை உரசினாலே அம்பு எங்கேயோ ஓடுகிறது.

"எல்லாரும் இதுலதான் வேலை பண்றாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாய். எல்லோரும் பண்ணட்டும். நான் பண்ணமாட்டேன். பெட்டியைப் பழையபடி ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பட்டாணி வைத்த மிஷினை இன்னும் விற்கிறார்கள், விசாரித்துவிட்டேன். அதை வாங்கு.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், உங்க வீட்டு ஆளே திருப்பி அனுப்பிட்டாங்களாமே" என்று சிரித்தார். உனக்கு அங்கே ஒரு அறைதான். எனக்கு இங்கே ஒரு மாடி முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாடல் என்றால்தான் கெட்டுப்போனால் மாற்றுவது சுலபம். எடையும் குறைவு. வெளியூர் போகிற நிருபர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்கள். உனக்காக ஒரே ஒரு மிஷினைத் தனியாக வாங்கினால் 'அக்காவுக்குன்னா அய்யாவுக்குச் சட்டம் வேற' என்று பேசுவார்களா மாட்டார்களா?

வெளியிலிருந்து ஒரு மவுஸ் மாட்டிக்கொள். அல்லது பட்டாணி வைத்த கீபோர்டு தனியாகவே கிடைக்கிறதாம், அதை மாட்டிக்கொள்.

இரண்டும் வேண்டாமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே. மணிக்கட்டு வலி, டச்பேட் ஆகாது என்று ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடு. மருத்துவக் காரணம் என்றால் நான் கேள்வியே இல்லாமல் வேறு மிஷின் வாங்கித் தரலாம். இந்த வயசில் மணிக்கட்டு வலிக்காதவர் யார்?

அம்மா என்னோடு நன்றாக இருக்கிறாள். இப்போது இடது காதும் போய்விட்டது. முழுநேரமும் உன் அடிவரியைப் படித்துத்தான் செய்தி பார்க்கிறாள்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

மவுஸ் மாட்டச் சொல்கிறாயே, எங்கே மாட்டுவது? வெளியார் எதையும் செருகக் கூடாது என்று நேரலை அறை மிஷின்களின் துளையையெல்லாம் பசை போட்டு அடைக்கச் சொன்னது உங்கள் ஆபீஸ்தானே? மவுஸும் கிடையாது, தனிக் கீபோர்டும் கிடையாது. எனக்கு வேண்டியது மிஷினுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். வாங்குகிற உனக்கே இது ஞாபகம் இல்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சர்டிபிகேட் விஷயம். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. என் மணிக்கட்டுக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர்க் கேனை மாடிக்கு நானே தூக்குகிறேன். இல்லாத நோயை இருக்கிறதென்று எழுதி வாங்கி, அதைக் காட்டி எனக்குப் பிடித்த மிஷினை வாங்க வேண்டுமா? பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதாதா? இருபது வருஷமாக ஒரு வேலையைச் செய்கிறவளுக்கு இது வசதி, இது வசதியில்லை என்று சொல்லக்கூடவா டாக்டர் கையெழுத்து வேண்டும்?

அதுவும் நீ சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சர்டிபிகேட் கொடுத்தவர்களுக்கு இங்கே நேரலை கொடுக்கமாட்டார்கள். பதிவு செய்த நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவார்கள். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பழைய சமையல் நிகழ்ச்சிக்கு 'எண்ணெய் காய்ந்ததும்' என்று அடித்துக்கொண்டிருக்க வேண்டும். உனக்குத் தெரியாமல் இருக்காது.

என் பக்கத்து சீட் பையன், ஒல்லி என்று சொல்வேனே, அவனுக்குப் புது மிஷின் ரொம்பப் பிடித்திருக்கிறது. "அக்கா, வெண்ணெய் மாதிரி வழுக்குது" என்கிறான். நல்லது. அவன் விரல், அவன் இஷ்டம். அவனுக்கு நான் பட்டாணியைத் திணித்தேனா?

மேனேஜர் நேற்று கூப்பிட்டார். பழைய மிஷின்களை இந்த வாரத்தோடு எடுத்துப் போய்விடுவார்களாம்.

"திங்கட்கிழமையிலேர்ந்து புதுசுலதான் உக்காரணும்மா. இல்லேன்னா நேரலைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

"உக்காரறேன் சார். ஆனா நேரலைக்கு இது ஆகாதுன்னு நான் சொன்னேன்னு எழுதிக்குங்க."

"எதுக்கு அதெல்லாம்?"

"நீங்க எழுதலேன்னா நான் எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் திருப்பி அனுப்பி, நீ மறுபடி அனுப்பிய அதே பெட்டி என் மேஜையில் இருக்கிறது. உட்காரப் போகிறேன். வாயை மூடிக்கொண்டு உட்காருவேன் என்று மட்டும் நினைக்காதே.

அக்கா

மார்ச் 25

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் உடனே எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

நேற்று சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மேம்பாலத்தில் எரிவாயு லாரி கவிழ்ந்த செய்தி. வாசிப்பவர் சொல்வது என் காதில் விழுகிறது, "மேம்பாலம் வழியாகப் போக வேண்டாம் என்று காவல்துறை அறிவுறுத்துகிறது." அடியில் ஓடுகிறது, 'மேம்பாலம் வழியாகப் போக காவல்துறை அறிவுறுத்துகிறது.'

அம்மா அதைப் படித்துவிட்டு, "லாரி எரியுது, அது மேலயே போகச் சொல்றாங்களே, பைத்தியமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு உங்க அக்கா லீவா?" என்றாள். நீ லீவு இல்லை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் வரியைத் திருத்தி மறுபடி போட்டீர்கள். என்ன நடந்தது? யாருக்காவது ஏதாவது ஆனதா? இங்கே காலையிலிருந்து டைரக்டர் அறைக் கதவு மூடியே இருக்கிறது. உன் பெயர் அடிபடுகிறது.

எழுது. அல்லது போனை எடு.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். பூசி மெழுகமாட்டேன்.

'மேம்பாலம் வழியாகப் போக' வரை அடித்துவிட்டேன். அதற்கு மேல் வரியில், பள்ளி விடுமுறை பற்றிய செய்தியில், ஒரு எழுத்து தப்பு. அதைப் பார்த்துக்கொண்டேதான் அடிக்கிறேன். கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடில் உரசியது. அம்பு மேல் வரிக்குத் தாவிவிட்டது. 'வேண்டாம் என்று' இரண்டு சொல்லும் அங்கே போய் விழுந்தன. நான் கவனித்துக் கீழே இழுத்துவருவதற்குள் வாசிப்பவர் 'காவல்துறை' என்றுவிட்டார். கை தானாக அடித்துவிட்டது. வரி ஒளிபரப்பில் போய்விட்டது. நம் மொழியில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வருகிறது. அது விடுபட்டால் போகாதே என்பது போ என்று ஆகிவிடுகிறது.

கை என்னுடையதுதான். இல்லையென்று சொல்லவில்லை.

ரொட்டி வேன் ஓட்டுகிறவர் ஒருவர். காது கேளாதவர். சாலையோரம் நிறுத்தி போனில் நம் செய்தியைப் பார்த்துவிட்டு, போகச் சொல்கிறார்களே என்று மேம்பாலத்தில் ஏறியிருக்கிறார். பாதி ஏற்றத்தில் புகை சூழ்ந்துவிட்டது. முன்னாலும் பார்க்க முடியவில்லை, பின்னாலும் பார்க்க முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவும் இல்லை. ஒரு தீயணைப்பு வீரர் கதவைத் திறந்து கையைப் பிடித்து இழுத்து இறக்கியிருக்கிறார். காயம் இல்லை. இரண்டு நாள் தொண்டை கட்டி இருமினார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதுவது எவ்வளவு சுலபம் பார்.

அவர் நிலையத்துக்கே வந்துவிட்டார். மேனேஜர் வரவேற்பறையிலேயே பேசி அனுப்பப் பார்த்தார். நான் போய் வேன்காரர் எதிரில் உட்கார்ந்தேன். காகிதத்தில் எழுதினேன், 'அதை அடித்தது நான்.' அவர் என் பேனாவை வாங்கி எழுதினார், 'எப்படி விழுந்தது?' மிஷினைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே அடித்துக் காட்டினேன். மூன்றாவது வரியிலேயே அம்பு தாவியது. அவர் என் கையைப் பார்க்கவில்லை, மிஷினையே பார்த்தார். 'இதை ஏன் கொடுத்தார்கள்?' என்று எழுதினார். மேனேஜர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று எனக்கு ஒரு மெமோ. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். போடவில்லை. தவறு நடந்தது, என் கையால் நடந்தது, அதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். கவனக்குறைவு என்று எழுதித் தரமாட்டேன். நான் அவ்வளவு கவனமாக இருந்த நாள் வேறு இல்லை.

நேரலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சமையல் நிகழ்ச்சிதான் இப்போது.

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிடு. டைரக்டரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "உங்க அக்காகிட்ட எடுத்துச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம். இல்லேன்னா விசாரணைன்னு போகும், அது உங்களுக்கும் நல்லா இருக்காது." ஒரு கையெழுத்து. அதோடு மறந்துவிடுவார்கள். சுவரில் போய் முட்டிக்கொள்வதில் என்ன கிடைக்கப் போகிறது உனக்கு? நீ எப்போதுமே

ஏப்ரல் 6

மேலே எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று அந்த மெலிசு மிஷினில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ சொல்வது பொய் என்று நிரூபிக்கத்தான், மறைக்கவில்லை. டிவியைப் போட்டு, வாசிப்பவர் பேசப் பேச அடித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் திரையைப் படித்தாள். உன் வேகத்தில் கால்வாசி கூட இல்லை. அமைச்சர் பதவி ஏற்றார் என்பதை விளையாட்டுச் செய்திக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டேன். "அமைச்சர் கோல் போட்டுட்டாரா?" என்று அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் தூக்கியே வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. அடிக்கும்போது டச்பேட் வேலை செய்யாதபடி அணைத்து வைத்தேன். அப்போது திருத்த வழியில்லை.

இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தபோது நான் நிருபர்களைக் கேட்டேன், கணக்குப் பிரிவைக் கேட்டேன். உங்கள் அறையில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடாதே. 18ஆம் தேதி விசாரணை. மிஷினில் குறை எதுவும் இல்லை என்று வாங்கும் பிரிவின் சார்பில் நான் எழுதித் தர வேண்டுமாம். பார்க்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

எனக்காக வேலையை விடுகிறேன், ராஜினாமாவை முகத்தில் எறிகிறேன் என்றெல்லாம் கிளம்பிவிடாதே. உனக்குக் கோபம் வந்தால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்றுதான் செய்வாய். அம்மா உன்னிடம் இருக்கிறாள்.

இன்னொன்று. மிஷின் கெட்டது என்றும் சொல்லாதே. அது பொய். நிருபர்களுக்கு அது நல்ல மிஷின். ஒல்லி அதில் பறக்கிறான், அவன் கை சின்னது, உரசுவதே இல்லை. எல்லோருக்கும் பட்டாணி கொடு என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் நீ எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்கிற மாதிரி. வேலை செய்கிறவரைக் கேட்டு வாங்குங்கள். அதை மட்டும் கேள். அதற்குக் குறைவான எதற்கும் தலையாட்டாதே.

ரொட்டி வேன்காரரும் விசாரணைக்கு வருகிறேன் என்கிறார். நான் கூப்பிடவில்லை. "நான்தானே புகையில மாட்டினேன், நான் வராம யாரு வர்றது?" என்று எழுதிக் காட்டினார்.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

நேற்று விசாரணையில் உன்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு உள்ளே நடந்ததை எழுதுகிறேன். வாசலில் நின்று பேச முடியவில்லை, எனக்கு ஊர் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

டைரக்டர் தாளை என் பக்கம் தள்ளினார். "குறை இல்லைன்னு ஒரு வரி எழுதி முடிச்சிடுங்க."

"மிஷின்ல குறை இல்ல சார். வாங்கினதுல குறை. வாங்கினது நான்."

"அக்காவுக்காகப் பேசறீங்க."

"ஆமா சார், அக்காதான். அதனாலதான் இவ்வளவு நாள் பேசாம இருந்தேன். வேற யாராவதா இருந்திருந்தா முதல் நாளே கேட்டிருப்பேன்."

உன் மேனேஜர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை, அவர்தான் அடுத்து வாயைத் திறந்தார். "அந்தம்மா முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாங்க சார். எங்கிட்ட இருக்கு. நான்தான் மேல அனுப்பலை." டைரக்டர் அவரைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு வேன்காரர் எழுந்தார். அவர் எழுதியதை ஒருவர் வாங்கி வாசித்தார். 'டிவியில வர்றதை மத்தவங்க காதால சரிபார்ப்பாங்க. எனக்கு அந்த எழுத்து மட்டும்தான். அதை அடிக்கிறவங்களுக்கு எது வசதியோ அதைக் கொடுங்க.'

முடிவு இதுதான். மெமோ வாபஸ். நேரலை அறையில் உட்காருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய மிஷினைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். சர்டிபிகேட் தேவையில்லை. மற்ற பிரிவுகளுக்கு இது கிடையாதாம், எவ்வளவோ கேட்டும் தரவில்லை. அந்த இடத்தில் தோற்றுவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து நான் மிஷின் வாங்கும் பிரிவில் இல்லை. மேஜை நாற்காலி வாங்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. 'மாறுதல்' என்கிறார்கள். போகிறேன். கடைசியாக நான் கையெழுத்துப் போட்ட ஆர்டர் உன் மிஷின்தான்.

தம்பி

மே 8

தம்பிக்கு,

மிஷின் வந்தது. தடிமன்தான், கனம்தான். ஒல்லி தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வெச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்" என்றான். அறையில் பட்டாணி கேட்டது நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் மெலிசையே வைத்துக்கொண்டார்கள். மேனேஜருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், "பாருங்க, ஒருத்தர்தான்" என்றார். "ஒருத்தர் போதும் சார்" என்றேன்.

நேற்று மறுபடி நேரலையில் உட்கார்ந்தேன். பட்ஜெட் விவாதம். ஒருவர் பேச, இன்னொருவர் கத்த, மூன்றாமவர் மேஜையைத் தட்ட, மூன்றையும் விட்டுவிடாமல் ஓடினேன். தப்பே வரவில்லை என்று சொல்லமாட்டேன். நிதியமைச்சரை ஓரிடத்தில் நீதியமைச்சர் ஆக்கிவிட்டேன். பட்டாணியை ஒரு தள்ளு தள்ளி, திரையில் போவதற்கு முன்பே பழைய பதவிக்குக் கொண்டுவந்துவிட்டேன். முடித்துவிட்டு வெளியே வந்து ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அடிக்கும்போது தெரியவில்லை.

மாறுதலைப் பற்றி நீ இரண்டு வரியில் எழுதிவிட்டாய். எனக்குத்தான் ஆறவில்லை. உன் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு, தபால் தலையும் ஒட்டிவிட்டேன். பிறகு யோசித்தேன். நாற்காலி வாங்குவது கீழான வேலை என்று அந்த ஆள் நினைக்கிறார். நாமும் ஏன் அப்படி நினைக்க வேண்டும்? கடிதத்தை அனுப்பவில்லை.

ஆனால் நாற்காலிக்காரரே, எங்கள் அறை நாற்காலிகளை நீ பார்த்திருக்கிறாயா? என்னுடையதில் முதுகுப் பக்கம் திருகு கழன்று தொங்குகிறது. ஒல்லி அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்து உட்காருகிறான். உட்காருகிறவரைக் கேட்காமல் ஒரு நாற்காலி வாங்கிவிடு, அப்புறம் இருக்கிறது உனக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. வந்து உட்கார்ந்து பார்.

அக்கா